ஒன்றரைச் சாண் தளர்வு

ஏழாவது பந்து பக்கத்து வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் விழுந்து, ஒருமுறை எழும்பி, அந்தப் பக்கம் மறைந்தபோது, கதவக்கா தான் செய்த காற்றுப் பீரங்கியின் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கொல்லைப்புறச் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வலக்கை, மடியில் வைத்த யாரோ ஒருவருடைய பொருளைப் போலக் கிடந்தது.

"பார்த்தீங்களா? மிதிக்கிறதுக்கும் பந்து கிளம்பறதுக்கும் நடுவுல ஒரு நூல் போகாது."

"பார்த்தேன்." பக்கவாதம் வந்துபோன பிறகு அவருடைய சொற்கள் ஒவ்வொன்றும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வாசலுக்கு வெளியே வந்தன. "பந்தைப் பார்த்தேன். மூடியப் பார்த்தேன். இனிமே அந்தம்மா முகத்தைப் பார்க்கணும்."

சொல்லி வாய் மூடவில்லை, சுவருக்கு மேலே பக்கத்து வீட்டம்மாவின் தலை எழுந்தது. "ஏன் கதவக்கா, எங்க வீட்டு மேல போர் ஏதும் தொடுத்திருக்கியா? முன்னாடியே சொன்னா நாங்க ஊரக் காலி பண்ணிடுவோமில்ல?" என்று கேட்டுவிட்டு, பந்தைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டாள். அது கணவரின் இடப்பக்கமாக விழுந்தது. இடக்கை நீண்டது, ஆனால் நாற்பது ஆண்டுகள் வலக்கைக்கே எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துப் பழகிய கை அது. பந்து விரல்நுனியில் பட்டு உருண்டு துணி துவைக்கும் கல்லடியில் போய் நின்றது. மூவரும் அதைப் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

கதவக்கா என்பது பணிமனை வைத்த பெயர். பேருந்துகளின் கதவுகள் காற்றழுத்தத்தால் திறந்து மூடுகின்றன. அந்தக் கதவுகளின் நோய் தீர்ப்பது பத்தொன்பது ஆண்டுகளாக அவளுடைய வேலை. இரும்புத் தொட்டியில் காற்றை அடைத்து வைப்பது, கேட்டபோது கேட்ட அளவுக்கு மட்டும் அதை வெளியே விடுவது, கேட்காதபோது ஒரு மூச்சும் கசியாமல் காப்பது ஆகிய மூன்றுக்குள் அவளுடைய தொழில் அடங்கிவிடும். அந்தத் தொழிலில் மிகப் பெரிய வசைச்சொல் 'தளர்வு'. ஓட்டுநர் பொத்தானை அழுத்திய பின் கதவு அரைநொடி யோசித்தால், எங்கோ ஒரு கம்பியில் தளர்வு இருக்கிறது என்று பொருள். பணிமனை மேஸ்திரி பழுதுச் சீட்டில் அந்தச் சொல்லைச் சிவப்பு மையில்தான் எழுதுவார். அவளுடைய சீட்டில் அந்தச் சிவப்பு விழுந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன.

எனவே கணவருக்கு ஒரு காற்றுப் பீரங்கி செய்வது என்று அவள் முடிவெடுத்தபோது, அது தன் கைக்கு அடங்கிய வேலை என்றே நினைத்தாள். அவர் பெண்கள் பள்ளி ஒன்றின் கிரிக்கெட் பயிற்சியாளர். அடிப்பதையும் வீசுவதையும் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொடுக்கலாம், பிடிப்பதைக் கற்றுக்கொடுக்க அவரைவிட்டால் ஆளில்லை என்று பெயர். மைதானத்தின் நடுவில் நின்று நாள்தோறும் இருநூறு பந்துகளை வானத்துக்கு எறிவார். பிள்ளைகள் ஓடி ஓடிப் பிடிப்பார்கள். இடையிடையே கையை ஓங்கி, எறியாமலே நிறுத்திக்கொள்வார். முந்திரிக்கொட்டை போல் முன்னே ஓடிய பிள்ளை நடுவழியில் அசடு வழிய நிற்கும். அதற்குப் பொய் எறி என்று பெயர். அதில் அகப்பட்டவர்கள் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு காலையில், பல் துலக்கும்போது, அந்தக் கை பிரஷ்ஷைக் கீழே போட்டது. பிறகு எதையும் பிடிக்கவில்லை. கால் ஓரளவு திரும்பி வந்தது; பேச்சு முக்கால்வாசி வந்தது; தோளும் முழங்கையும் முனகிக்கொண்டே எழுந்தன. விரல்கள் மட்டும் வரவில்லை.

பள்ளி காத்திருந்தது. தலைமையாசிரியை நல்லவர்தான், இரண்டு முறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை கடிதம் வந்தது. மூன்று வாரம் கழித்து வரும் சனிக்கிழமை காலை அவர் பிள்ளைகளுக்கு ஒரு முழுப் பயிற்சி கொடுத்துக் காட்ட முடிந்தால் பணி தொடரும்; இயலாவிட்டால் அடுத்த பருவத்துக்கு வேறொருவரை அமர்த்துவதைத் தவிர வழியில்லை என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தது. அவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து எடுத்து மாற்றிய சட்டையில் வைப்பார். அவள் அதைப் பார்த்தும் கேட்கவில்லை.

தொட்டி இரண்டே நாளில் கிடைத்துவிட்டது: கழித்துக் கட்டிய பேருந்து ஒன்றின் சின்ன இரும்புத் தொட்டி. மேஸ்திரியிடம் முறையாகக் கேட்டு வாங்கி, பணிமனையிலேயே சோதித்து, அழுத்தம் கொஞ்சம் மீறினாலும் தானே காற்றைக் கக்கிவிடும் காப்பு வால்வைத்தான் அவள் முதலில் பொருத்தினாள். அடைபட்ட காற்றோடு விளையாடுகிறவர்களுக்கு நேர்வதை அவள் இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறாள். பந்து போவதற்கான வழவழப்பான குழாய், அதை எந்தத் திசைக்கும் திருப்ப ஒரு முக்காலி, எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. கழுத்தை அறுத்தது பந்தைக் கிளப்பும் விசைதான். குழாயை அவர் இடக்கையால் திருப்பிப் பிடித்தாக வேண்டும். ஆகவே விசை வலக்கைக்கு வந்தது. முதலில் ஒரு கைப்பிடி வைத்தாள். விரல்கள் அதன் மேல் விருந்தாளிகளைப் போல உட்கார்ந்திருந்தன, இழுக்கவில்லை. அடுத்து உள்ளங்கையால் அழுத்தும் பொத்தான் ஒன்று வைத்தாள். கை நடுங்கும்போதெல்லாம் அது அழுந்தி, கொடியில் காய்ந்த அவருடைய வேட்டியைப் பந்து இரண்டு முறை துளைக்கப் பார்த்தது. மூன்றாவதுதான் இந்தப் பெடல். ஸ்டூலில் உட்கார்ந்தபடி நல்ல காலால் மிதிக்கலாம். மிதித்தால் காற்று, காற்றென்றால் பந்து. இடையில் தளர்வு என்ற பேச்சே இல்லை. அவள் தன் வாழ்நாளில் இவ்வளவு துல்லியமான ஒன்றைச் செய்ததில்லை.

"செவ்வாய்க்கிழமை கிரவுண்டுக்குக் கொண்டு போறோம்," என்றாள். "பிள்ளைங்க வாயப் பொளந்து நிக்கப் போகுது."

அவர் கல்லடியில் கிடந்த பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாயப் பொளந்தா போதாது," என்றார். "கையத் தொறக்கணும்."

செவ்வாய் மாலை பதினான்கு பிள்ளைகளும் பீரங்கியைச் சூழ்ந்துகொண்டார்கள். அணித்தலைவி ஒல்லியாக, பனைமரத்தில் பாதி உயரம். கூட்டாளிகள் அவளை ஒட்டடை என்று அழைத்தார்கள், அவளும் அந்தப் பெயருக்குப் பெருமையோடு திரும்பிப் பார்ப்பாள். "சார், இது எங்களுக்கா, இல்ல எதிர் டீமுக்கா?" என்று கேட்டாள். ஐந்து மாதங்களுக்குப் பின் அவர் மைதானத்தில் சிரித்தது அப்போதுதான். பாதி முகம் முந்திச் சிரித்தது. மறுபாதி பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

பயிற்சிக்கென்று மெத்தென்ற ரப்பர்ப் பந்துகளையே கொண்டு போயிருந்தார்கள். அது நல்லதாகப் போயிற்று. முதல் பந்து கிளம்பியபோது யாரும் அசையவில்லை. அது உச்சிக்குப் போய்த் திரும்பும்போதுதான் ஒரு பெண் பார்த்தாள், ஓடினாள், பத்தடி தள்ளி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தாழ்வாக விட்டார். அது ஒரு சின்னப் பெண்ணின் கழுத்தெலும்பில் பட்டது. அவள் அழவில்லை, ஆனால் அதன் பிறகு பிள்ளைகள் எல்லோரும் தோளைக் குறுக்கிக்கொண்டு, அடி விழப்போகும் வகுப்பறையில் நிற்பவர்களைப் போல நின்றார்கள். அந்த நிலையில் நிற்பவர் கைகள் எதையும் பிடிக்க மாட்டா. ஒட்டடை அருகில் ஓடி வந்து, "சார், பந்து எப்ப வரும்னே தெரியல சார். திடீர்னு வந்து நிக்குது, எங்க மாமா மாதிரி," என்றாள்.

"எண்ணறேன்," என்றார் அவர். "ஒண்ணு, ரெண்டு, மூணு."

எண்ணினார். ஆனால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வேறோர் இடைவெளி. மூன்று சில சமயம் நாக்கின் நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று. பந்து அதற்குள் போய்விட்டது. பிள்ளைகள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதவக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. அந்தப் பதினான்கு பேரும் அந்த வாய்க்காக மனதுக்குள் 'மூணு, மூணு' என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்களுடைய உதடுகளில் தெரிந்தது. நாற்பது பந்துகளில் ஆறு கைக்கு வந்தன. அவர் காலை எடுத்துப் பெடலுக்கு அப்பால் வைத்துக்கொண்டார்.

வீடு வந்து சேர்ந்தார்கள். சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். மாற்றிய சட்டையில் வைக்காமல் மேசைமேல் அவளுக்கு முன்னால் வைத்தார்.

"நாளைக்கு அந்த அம்மாவுக்குப் போன் பண்ணு. வேற ஆளப் பார்த்துக்கச் சொல்லு."

"ஏன், இன்னும் நாலு நாள் இருக்கு."

"மிஷின்ல தப்பு இல்ல. நீ நல்லாத்தான் செஞ்சிருக்க." ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அந்தச் சின்னப் பிள்ளை பயந்துது. நான் எறிஞ்ச பந்துக்கு இதுவரைக்கும் ஒருத்தியும் பயந்ததில்ல."

மிஷினில் தப்பில்லை என்பதுதான் அவளைக் குடைந்தது. தப்பு இருந்தால் பிரித்துப் போட்டுவிடுவாள். ஒரு வாஷர் தேய்ந்திருந்தால், ஒரு ஸ்பிரிங் களைத்திருந்தால், விரலால் தொட்டே சொல்லிவிடுவாள். எல்லாம் சரியாக இருந்து காரியம் மட்டும் கெட்டுப்போகும் பழுதுக்கு அவளிடம் சீட்டு இல்லை.

புதன்கிழமை பணிமனையில் பதினோரு மணிக்கு ஒரு பேருந்தின் முன்கதவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவள் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று மேல்கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்க, உள்ளே யாரோ தெரியாமல் பொத்தானைத் தொட்டுவிட்டார்கள். கதவு 'உஸ்' என்றது. அவளுடைய கால் தானாகப் பின்னால் வந்தது. அதன் பிறகே கதவு மடங்கியது. அவள் எண்ணெய்க் குவளையும் கையுமாக அப்படியே நின்றாள். காலை எடுக்கச் சொல்லி அவள் நினைக்கவில்லை. காலுக்கு யார் சொன்னது?

அது பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய கதை; வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. புதுத் துடைப்பம் நன்றாகத்தான் பெருக்கும் என்பார்கள், அவளும் அப்படித்தான். ஒரு கதவின் உஸ்ஸென்ற ஓசையைக் கசிவென்று கருதி, மூன்று நாள் உழைத்து, பூனைக் காலடிபோல் ஓசையின்றித் திறக்குமாறு செய்துவிட்டாள். ஒரே வாரத்தில் நான்கு பயணிகள் முட்டியைத் தேய்த்துக்கொண்டு புகார் சொன்னார்கள். ஓட்டுநர் வந்து, "கதவு திருடன் மாதிரி தொறக்குதுய்யா" என்று கத்தினார். மேஸ்திரி அவளைக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல், "அது கசிவு இல்லம்மா. 'தள்ளி நில்லு, நான் வரேன்'னு கதவு சொல்ற பேச்சு. நீ அதோட வாயத் தச்சுட்ட," என்றார். தான் அடைத்திருந்த சின்னக் காற்றுத் துளையை அன்றைக்கே அவள் திரும்பத் திறந்து வைத்தாள். பிறகு அதை மறந்தும் போனாள். யானைக்குச் சறுக்கிய அடியை யானை நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அவள் செய்த பீரங்கிக்கு வாயில்லை. அவர் எறிந்த பந்துக்கு இருந்தது. ஆனால் அது எங்கே இருந்தது? பந்து கையை விட்டுக் கிளம்பும்போது ஓசை ஏதும் எழுந்ததில்லை. திருமணமான புதிதில் மைதானத்தின் ஓரம் உட்கார்ந்து அவள் பார்த்த மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பிள்ளைகள் பந்தைப் பார்க்கவில்லை என்பது இப்போது பளிச்சென்று தெரிந்தது. பந்து கையில் இருக்கும்போதே, கிளம்புவதற்கு முன்பே, அவர்கள் ஓடத் தொடங்கியிருந்தார்கள். அப்படியானால் எதைப் பார்த்து?

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "பந்து எப்படி எறிவீங்க? எழுந்து காட்டுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கேலி பண்றியா?"

"இல்ல. காட்டுங்க."

"எத வச்சு? இத வச்சா?" இடக்கையால் வலக்கையைத் தூக்கி மேசைமேல் போட்டார். அது கோப்பைக்குப் பக்கத்தில் விழுந்து ஒலித்தது. "அஞ்சு மாசமா இதுக்குச் சோறு போட்டு வளர்க்கிறேன். ஒரு டம்ளர் தூக்கித் தராது."

"விரலு கேட்கலைங்க நான். விரலு கிடக்கட்டும். அதுக்கு முன்னாடி நடக்கிறதைக் காட்டுங்க."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அவளுடைய முகத்தில் இருந்தது இரக்கமல்ல, ஒரு பழுதை மோப்பம் பிடித்துவிட்ட பணிமனை முகம் என்பதைக் கண்டுகொண்டவர்போல, மேசையைப் பிடித்து எழுந்தார். கண்ணை மூடிக்கொண்டார். முதலில் வலத்தோள் தாழ்ந்தது. இடுப்பு கொஞ்சம் திரும்பியது. தாழ்ந்த தோள் பின்னால் போயிற்று. அதன் பின்னாலேயே முழங்கை, நடுங்கிக்கொண்டு, மெல்ல, ஆனால் வழி மறக்காமல் எழுந்தது. காதுக்குப் பக்கமாக வந்து, முன்னால் போயிற்று. கடைசியில் உள்ளங்கை மட்டும் தண்டில் வாடிய பூப்போலத் தொங்கியது. அவ்வளவுதான். எறி முழுவதும் அங்கே இருந்தது. பந்தைப் பிடிக்கவும் விடவும் வேண்டிய அந்தக் கடைசி ஒரு விரற்கடைதான் இல்லை.

"இன்னொரு தடவை," என்றாள் அவள். அலமாரி இழுப்பறையிலிருந்து அளவுநாடாவை எடுத்திருந்தாள்.

"தையல்காரி மாதிரி என்னத்தடி அளக்கிற?"

"உங்க தோளு எவ்வளவு தூரம் பேசுதுன்னு அளக்கிறேன். அசையாம அசைங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே நான்கு முறை எறிந்தார். பின்னால் தொடங்கி முன்னால் முடியும்வரை முன்கை கடந்த தூரத்தை நான்கு முறையும் அவள் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள். மேசையிலிருந்த கடிதத்தை எடுத்து அவரே சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். இந்த முறையும் கேட்கவில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் விடுப்பு. பெடலைக் கழற்றி வீசினாள். முக்காலியின் வலப்பக்கம், அவருடைய தோள் உயரத்துக்கு ஒரு நீண்ட நெம்புகோலை அச்சில் தொங்கவிட்டாள். அதன் நுனியில் பழைய தோல் பெல்ட்டை வெட்டித் தைத்து, முன்கையை நுழைத்துக்கொள்ள ஒரு வளையம். பிடிக்க வேண்டியதில்லை, நுழைத்தால் போதும். நெம்புகோலிலிருந்து வால்வுக்கு மிதிவண்டி பிரேக் கம்பி ஒன்று ஓடியது. இனி அந்தக் கம்பியின் நீளத்தில்தான் எல்லாம் இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக அவளுடைய கை கம்பியைக் கண்டவுடன் இறுக்கிப் பழகிய கை. அதை இறுக்காமல் விடுவது, எழுதத் தெரிந்தவன் வேண்டுமென்றே பிழையாக எழுதுவதைப் போல இருந்தது. தோள் தாழ்ந்து, பின்னால் போய், முழங்கை காதைக் கடந்து வரும்வரை கம்பி சும்மா தொய்ந்து கிடக்க வேண்டும். கை முழுதாக முன்னால் வந்த பிறகே அது விறைத்து வால்வை இழுக்க வேண்டும். நாடாவை வைத்துக் கணக்கிட்டாள். ஒன்றரைச் சாண் தளர்வு. கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தில் திருகை முடுக்கினாள். கூடவே வால்வின் குறுக்கே ஒரு காப்பு முள்ளையும் செருகினாள். அது இருக்கும்வரை யார் எப்படி இழுத்தாலும் காற்று வராது. அந்த முள்ளை எடுப்பவள் அவள் மட்டும்தான்.

வெள்ளி மாலை காற்றழுத்த மானியை இரவலாகக் கொடுக்க வந்த மேஸ்திரி பீரங்கியைச் சுற்றி வந்து பார்த்தார். கம்பியை விரலால் தூக்கிப் பார்த்தார். அது கொடிபோல ஆடியது.

"என்னம்மா இது? இந்தத் தொய்வுல ஊஞ்சல் கட்டி ஆடலாம் போலிருக்கே."

"தெரிஞ்சுதான் வச்சிருக்கேன்."

"வெளியில சொல்லிடாத. கதவக்கா கையில இவ்வளவு தளர்வுன்னு தெரிஞ்சா, நம்ம டிப்போவுக்கு வண்டி அனுப்ப மாட்டாங்க." போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "சீட்டு எழுதவா?"

"எழுதுங்க. சிவப்பு மையிலயே எழுதுங்க."

சனிக்கிழமை காலை மைதானத்தில் வெயில் இளசாக இருந்தது. தலைமையாசிரியை ஒரு காகிதக் கோப்பினை மார்போடு அணைத்துக்கொண்டு, கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்காராமல் அதன் பின்னால் நின்றார். பிள்ளைகள் வரிசையாக வந்து வணக்கம் சொன்னார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை அவர்களுடைய தோள்களில் இன்னும் இருந்தது; கழுத்தில் அடிபட்ட சின்னப் பெண் எல்லோருக்கும் பின்னால், வேலியோரமாகப் போய் நின்றுகொண்டாள். பயிற்சியாளர் அதைக் கண்டார். ஸ்டூல் வேண்டாமென்றார். முக்காலியின் பக்கத்தில் நின்று, இடக்கையைக் குழாயின்மேல் வைத்து, வலக்கையை வளையத்துக்குள் நுழைத்தார். கதவக்கா தோல்வாரை மாட்டிவிட்டாள். அவருடைய முன்கை சில்லிட்டிருந்தது.

"வேலை செய்யலைன்னா?" என்றார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"செய்யலைன்னா வீட்டுக்குப் போயி காப்பி குடிப்போம். இப்ப பேசாதீங்க. தோளு பேசட்டும்."

பந்தைக் குழாயில் இட்டாள். மானியின் முள் அவள் குறித்திருந்த கோட்டைத் தொட்டது. காப்பு முள்ளை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "சரி," என்றாள்.

வலத்தோள் தாழ்ந்தது. மைதானத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. அது இன்னதென்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பதினான்கு ஜோடி முட்டிகள் ஒரே சமயத்தில் இலேசாக மடங்கியிருந்தன. தோள் பின்னால் போயிற்று, குதிகால்கள் எழுந்தன. முழங்கை நடுங்கியபடி காதைக் கடந்தது. கம்பி தன் தொய்வையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டு நேரானது. ஒட்டடை அதற்குள் நான்கு எட்டு ஓடியிருந்தாள். காற்று ஒரு சின்ன இருமலோடு வெளிப்பட்டது. பந்து உயரப் போய், நின்று, இறங்கியது. இறங்கிய இடத்தில் அவள் ஏற்கெனவே நின்றிருந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. ஒட்டடை கையிலிருந்த பந்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பந்தைத் திருப்பி உருட்டிவிட்டு, "அடுத்தது சார்!" என்று கத்தினாள்.

அடுத்தது போயிற்று, அதற்கடுத்ததும். பத்தில் ஏழு கைக்கு வந்தன. பிறகு பத்தில் எட்டு. ஒருமுறை கை பாதியில் களைத்து நின்றுவிட்டது, பந்து வரவில்லை. அவர் முகம் வெளுத்தது. அவள் காப்பு முள்ளைச் செருக எட்டினாள். ஆனால் அதற்குள் மைதானத்தின் வலப்பக்கம் மூன்று பெண்கள் இல்லாத பந்தைத் தேடி வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடியிருந்தார்கள். இருவர் ஒருவரோடொருவர் மோதிக் கீழே உட்கார்ந்தார்கள்.

ஒட்டடை இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு, "பொய் எறிடீ! சார் ஏமாத்திட்டாருடீ!" என்று கூவினாள். மைதானம் முழுக்க ஒரே கூச்சல். "சார், அநியாயம் சார்!" "சார், மிஷின்லயுமா சார்!" விழுந்து கிடந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் கதவக்காவைப் பார்த்தார். களைப்பினால் நின்ற கை அது என்பது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். மெல்ல, வெளுப்பு வடிந்து, அந்தப் பழைய கள்ளத்தனம் முதலில் இடப்பாதி முகத்திலும் பிறகு வலப்பாதியிலுமாக ஏறி வந்தது.

"மூணு பேரும்," என்றார். சொற்கள் நிதானமாக, ஒவ்வொன்றாக வந்தன. பிள்ளைகள் காத்திருந்தார்கள், ஆனால் இம்முறை உதடு அசைக்கவில்லை. "ஒரு சுத்து. ஓடுங்க."

அவர்கள் ஓடினார்கள், தண்டனை பெற்றவர்களைப் போல அல்ல. தலைமையாசிரியை கோப்பை நாற்காலியின்மேல் வைத்துவிட்டிருந்தார். அதைத் திறந்தாரா, திறக்கப்போகிறாரா என்று கதவக்கா பார்க்கவில்லை. அவளுக்கு அடுத்த பந்தை இடும் வேலை இருந்தது. பந்தைத் தள்ளி, மானியைப் பார்த்து, முள்ளை உருவும்போது, அவர் இடக்கையால் குழாயை மெல்லத் திருப்புவதைக் கவனித்தாள். குழாய் ஒட்டடையைக் கடந்தது. நடுவில் நின்றவர்களைக் கடந்தது. வேலியோரம் போய் நின்றது.

சின்னப் பெண் குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாகக் கழுத்தெலும்புக்குப் போயிருந்தது.

"இங்க," என்றார் அவர், சத்தமில்லாமல், தாடையால் தன் தோளைக் காட்டி.

அவளுடைய கண்கள் குழாயைவிட்டு விலகி, கம்பி வழியாக ஏறி, தோல் வளையத்தைக் கடந்து, அவருடைய தோளில் வந்து தங்கின. தோள் தாழ்ந்தது. கழுத்திலிருந்த கை கீழே இறங்கியது. கம்பி இன்னும் தொய்ந்துதான் கிடந்தது, ஒன்றரைச் சாணும் மிச்சமிருந்தது. அவள் வேலியைவிட்டு ஓடிவரத் தொடங்கிவிட்டாள், வெறும் வானத்தை நோக்கி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு.